கார்ப் கடைசி. அதுவரைக்கும் ஸ்க்ரூடிரைவர் பாக்கெட்லயே இருக்கட்டும்

ஞாயித்துக்கிழமை நம்ம குரூப் ரைடுல என் பழைய புல்லட் பைக் ரோட்டோரம் நின்ன வீடியோவ எல்லாரும் பாத்தாச்சு, சிரிச்சாச்சு. "தாத்தா ரெஸ்ட் எடுக்குறார்"னு தலைப்பு வச்ச தம்பிக்கு ஏகப்பட்ட சிரிப்பு எமோஜி. நல்லா இருக்கட்டும். நானும் ஒண்ணு போட்டேன், பெரிய மனுஷன் மாதிரி. ஆனா அந்த வீடியோவுல வராத ஒரு விஷயம் இருக்கு, அத சொல்லாம எனக்குத் தூக்கம் வரல.

வண்டி நின்னதும் நான் பின்னாடி வர்றவங்களுக்கு போன் பண்ண கொஞ்சம் தள்ளிப் போனேன். திரும்பி வந்து பாத்தா நம்ம அண்ணன் ஒருத்தர் (யாருன்னு குரூப்புல இருக்குறவங்களுக்குத் தெரியும், பேர் வேணாம்) குத்தவச்சு உக்காந்து என் கார்ப்புல (கார்புரேட்டர், காத்தையும் பெட்ரோலையும் கலக்குற பாகம்) ஏர் ஸ்க்ரூவ, அதான் காத்தோட அளவ மாத்துற திருகாணிய, திருகிட்டு இருக்கார். என்ன அண்ணே பண்றீங்கன்னா, "காத்து-பெட்ரோல் மிக்ஸர் சரியில்லப்பா, சவுண்டுலயே தெரியுது"ங்கிறார். நின்னு போன வண்டியில என்ன சவுண்டு அண்ணே கேட்டீங்க?

கோவம் வண்டி நின்னதுக்கு இல்ல. பழைய பாயிண்ட் புல்லட் (கரண்ட்ட வெட்டி ஸ்பார்க் வர வைக்கிற சுவிட்ச்தான் பாயிண்ட்), நிக்கும். கோவம் அந்த ஸ்க்ரூவுக்கு. ஏன்னா அந்த ஸ்க்ரூவுக்கும் வண்டி நின்னதுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. ஏர் ஸ்க்ரூ வேலை பாக்குறது ஐடில்ல (ஆக்ஸிலேட்டர் திருகாம இஞ்சின் சும்மா ஓடும்போது), அப்புறம் த்ராட்டில், அதான் ஆக்ஸிலேட்டர், ஒரு கால்வாசி தொறக்குற வரைக்கும். அதுக்கு மேல கார்ப்புக்குள்ள இருக்குற ஊசி, நீடில், பாத்துக்கும், முக்கால் தாண்டினா மெயின் ஜெட் (பெட்ரோல் வர்ற முக்கியத் துளை) பாத்துக்கும். என் வண்டி நின்னது நல்ல ஸ்பீடுல போயிட்டு இருக்கும்போது, இஞ்சின் நல்லா சூடானதுக்கு அப்புறம், ரெண்டு மூணு தடவ படபடன்னு மிஸ் அடிச்சுட்டு. அதுக்குப் போய் ஏர் ஸ்க்ரூவ திருகுறது, வயித்து வலின்னு வந்தவனுக்கு மூக்குக் கண்ணாடி மாத்திக் கொடுக்குற கதை.

திரும்பத் திரும்ப சொல்றேன், இந்த ஒரு விஷயத்துக்குத்தான் இவ்ளோ நீளப் பதிவு: கார்ப் கடைசி. கார்ப்புல கை வைக்கிறது கடைசி வேலை, முதல் வேலை இல்ல.

ஏன்னு கேக்காமலே "அதெல்லாம் உங்க ஸ்டைல் ப்ரோ"னு சொல்றாங்க பாருங்க, அவங்களுக்காக. இது ஸ்டைல் இல்ல, ஒண்ண தொட்டா இன்னொண்ணு மாறும். டேப்பட் (வால்வ தள்ளித் தொறக்குற பாகம்) டைட்டா இருந்தா வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன், அதான் சிலிண்டருக்குள்ள அழுத்தம், போயிடும், அப்ப நீ கார்ப்புல என்ன திருகினாலும் ஐடில் நிக்காது. அதனால டேப்பட் முதல்ல, இஞ்சின் ஆறி இருக்கும்போது, புஷ் ராட் (டேப்பட்டுக்கு மேல இருக்குற தள்ளு கம்பி) விரல்ல சுத்தினா லேசா சுத்தணும் ஆனா மேல கீழ ஆட்டம் இருக்கக் கூடாது. அடுத்தது பாயிண்ட் கேப், அதான் பாயிண்ட் தொறந்திருக்கும்போது இருக்குற இடைவெளி, 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர். கேப்ப கூட்டினா பாயிண்ட் சீக்கிரம் தொறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆயிடும், அதாவது ஸ்பார்க் சீக்கிரம் வரும். ஓட ஓட பாயிண்டோட குதிகால் (கேம்ல உரசுற முனை) தேஞ்சு கேப் குறையும், டைமிங் ரிடார்ட் ஆயிடும், அதாவது ஸ்பார்க் லேட்டாகும், வண்டி சூடாகும், இழுவை இருக்காது. அதனால கேப் வச்சதுக்கு அப்புறம்தான் டைமிங், டைமிங் வச்சுட்டு கேப்ப திரும்பத் தொட்டா டைமிங் வேலை வேஸ்ட். 350 சிசி புல்லட்டுக்கு அட்வான்ஸ் யூனிட் (வேகம் கூடக் கூட ஸ்பார்க்க சீக்கிரமாக்குற பாகம்) முழுசா ரிடார்ட்ல இருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 0.8 மில்லிமீட்டர் இருக்கையில பாயிண்ட் தொறக்கணும். இதெல்லாம் முடிஞ்சு, மேனிஃபோல்டுல (கார்ப்புக்கும் இஞ்சினுக்கும் நடுவுல இருக்குற குழாய்) காத்து லீக் இல்லன்னு பாத்து, இஞ்சின நல்லா சூடாக்கின அப்புறம், ஏர் ஸ்க்ரூவ முழுசா மூடி ஒன்றரை சுத்து வெளிய எடுத்து வச்சு அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா. அவ்ளோதான். கார்ப் கடைசி.

எனக்கு இத சொல்லிக் கொடுத்த பெரியவர் ஒருத்தர் இருந்தார். வேலைக்கு சேர்க்கல, கூட உக்காந்து பாக்க விட்டார், அவ்ளோதான். ரொம்ப நாளைக்கு கார்ப் பக்கமே விடமாட்டார். பாயிண்ட் நடுவுல ஒரு மெல்லிசான சிகரெட் பேப்பர வச்சு, நுனிய என் கையில கொடுத்து, அவர் மெதுவா இஞ்சின சுத்துவார். பேப்பர் லேசா விடுற அந்த நொடில, அதான் பாயிண்ட் தொறக்குற நொடில, "ம்"னு சொல்லணும். அரை நொடி லேட்டா சொன்னா மொறைப்பார், திரும்ப முதல்ல இருந்து. எல்லாரும் காது வச்சு ட்யூன் பண்றதப் பத்திக் கவிதையா எழுதுறீங்களே, அந்த மனுஷனுக்கு ஒரு காது சுத்தமா கேக்காது, இன்னொண்ணு பாதி. சைலன்ஸர் வாயில உள்ளங்கைய காட்டி, புகை வந்து மோதுறது ஒரே சீரா இருக்கான்னு பாப்பார். சீரா இல்லன்னா ஸ்க்ரூடிரைவர் எடுக்க மாட்டார், ஸ்பேனர் எடுத்து டேப்பட்டுக்குப் போவார். "சவுண்டுலயே தெரியுது"ன்னு அவர் ஒரு நாளும் சொல்லிக் கேட்டதில்ல.

சரி, இப்ப வருவாங்க. "உதவி பண்ண வந்தவர் மேல இப்படிப் பாயலாமா?" உதவின்னா முதல்ல கேக்கணும் சார். என்ன ஆச்சு, சூடுல நின்னுச்சா, பெட்ரோல் இருந்துச்சா, ஸ்பார்க் வருதான்னு ஒரு கேள்வி. ஒண்ணு. கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்.

"எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லையே." உண்மை. நிஜமா நல்ல யோசனை, போட்டவங்க சந்தோஷமா இருக்காங்க, நான் யாரையும் தடுக்கல. ஆனா பாயிண்ட் சாகுறதுக்கு முன்னாடி சொல்லிட்டு சாகும். மிஸ் அடிக்கும், ஸ்டார்ட்டிங் கஷ்டமாகும், தொறந்து பாத்தா கருகி இருக்கும், ரோட்டோரத்துலயே உப்புக் காயிதம் போட்டுத் தேச்சு வீட்டுக்கு வந்துடலாம். எலக்ட்ரானிக் மாட்யூல் போச்சுன்னா பெரும்பாலும் சொல்லாம போயிடும், ரோட்டுல தொறந்து பாக்கவும் ஒண்ணும் இருக்காது. எனக்கு சொல்லிட்டு சாகுறதுதான் பிடிச்சிருக்கு. தப்பா?

"புகை, மாசு"ன்னு ஒருத்தர். ஐயா, ஸ்க்ரூவ முழுசா உள்ள திருகி ரிச் ஆக்கி, அதான் காத்தக் கொறச்சு பெட்ரோல கூட்டி, பிளக்க கரியாக்கினது நான் இல்ல.

"மெக்கானிக்கிட்ட கொடுத்துட்டு நிம்மதியா இருக்க வேண்டியதுதான." இதுதான் எனக்கு வலிக்குது. ஏதோ வேற வேலை இல்லாதவன், வீட்டு ஷெட்டுல கிரீஸ் பூசி விளையாடுறான்னு ஒரு நெனப்பு. புல்லட்டுங்கிற பேர் 1932ல வந்தது, நாம இன்னிக்குப் பாக்குற இந்த உருவம் 1949ல வந்த டிசைன். அந்தக் காலத்து ஓனர்ஸ் மேனுவல எடுத்துப் பாருங்க, ஹெட்ட கழட்டிக் கரி எடுக்குறது, வால்வு தேய்க்கிறது வரைக்கும் ஓனருக்கே எழுதி வச்சிருப்பான். ஓட்டுறவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்னு நம்பி செஞ்ச வண்டி அது. நான் அந்த நம்பிக்கையக் காப்பாத்துறேன், அதுக்கு எனக்குக் கெடச்ச பேர் காயலாங்கடை ஓனர். அந்தப் பேர வச்சவனும் கூடவே வளந்த ஒருத்தன்தான், வேற யாரோ இல்ல. அவன் கல்யாணத்துக்கு முன்னாடி எத்தன ராத்திரி இதே வண்டியில பின்னாடி உக்காந்து வந்திருக்கான், அப்பல்லாம் இது காயலாங்கடை இல்ல போல. விடுங்க.

என்ன கோளாறுன்னு யாராவது கேட்டீங்களா? கேக்கல. நானே சொல்றேன். கண்டென்சர், பாயிண்ட்ல பொறி பறக்காம பாத்துக்குற பாகம். ஆறினதும் வண்டி தானா ஸ்டார்ட் ஆச்சு, ஓட்டிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன் (அந்த வீடியோவக் காணோம்). ஆனா அண்ணன் புண்ணியத்துல ஐடில் போச்சு, வேகம் கொறைச்ச எடத்துல எல்லாம் ஆஃப் ஆச்சு. அது வரைக்கும் இருந்தது ஒரு கோளாறு, உதவிக்கு அப்புறம் ரெண்டு. ராத்திரி ஷெட்டுல பாயிண்ட் கவர கழட்டி கிக் அடிச்சுப் பாத்தேன், ஆறி இருக்கும்போது ஒழுங்கா இருந்துச்சு. வீட்டு ஹேர் டிரையர எடுத்து கண்டென்சருக்கு சூடு காட்டினேன், பாயிண்ட்ல பளிச் பளிச்னு பெரிய பொறி, பிளக்குல ஒண்ணுமே இல்ல. சூடானா செத்துட்டு ஆறினா உயிர் வர்ற கண்டென்சர். கட்டை விரல் சைஸ் டப்பா. மாத்தியாச்சு, கருகின பாயிண்ட்டையும் சேத்து மாத்தியாச்சு, கேப், டைமிங் எல்லாம் திரும்ப வச்சாச்சு. ஹேர் டிரையர்ல கிரீஸ் பட்டதுக்கு வீட்டுல வாங்கினது தனி.

கார்ப் மேல ஒரு குத்தமும் இல்ல. பாவம், எங்க வண்டி நின்னாலும் முதல் அடி அதுக்குத்தான். கண்ணுக்குத் தெரியுற எடத்துல ஸ்க்ரூ இருக்கு, எல்லார் பாக்கெட்லயும் ஸ்க்ரூடிரைவர் இருக்கு, யாருக்கும் கவர கழட்டிப் பாக்கப் பொறுமை இல்ல. ரெண்டு தடவ திருகினா ஏதோ பண்ண மாதிரி இருக்கும், சுத்தி நிக்கிறவன் தலையாட்டுவான்.

இத எழுதிட்டு இருக்கும்போதே இன்பாக்ஸ்ல ஒரு தம்பி, "அண்ணா என் வண்டி இழுக்கல, மெயின் ஜெட் எத்தன நம்பர் போடலாம்?" தம்பி, டேப்பட் பாத்தியா? பாயிண்ட் கேப்? பாத்துட்டு நம்பரோட வா, அப்புறம் ஜெட் பேசலாம்.