வானம் தெரியாத ஊரிலிருந்து ஷா பரிசைப் பார்க்கும்போது

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள், வானியற்பியல் படிக்க விரும்புவதாகச் சென்ற மாதம் சொன்னாள். "சிங்கப்பூரில் நட்சத்திரமே கண்ணுக்குத் தெரிவதில்லை, இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். மேகமும் நகர வெளிச்சமும் நம் இரவு வானத்தை மறைப்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கேள்வியில் இருக்கும் மறுப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹாங்காங்கில் 2004 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படும் ஷா பரிசில் வானியலுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அதை நிறுவிய ரன் ரன் ஷா, 1920களில் சிங்கப்பூருக்கு வந்து, அண்ணன் ரன்மி ஷாவுடன் சேர்ந்து திரைப்படத் தொழிலை வளர்த்தவர். ஆர்ச்சர்ட் சாலையில் நாம் அன்றாடம் கடந்துபோகும் ஷா ஹவுஸ் அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று கண்டறிந்த பெர்ல்மட்டர், ரீஸ், ஷ்மிட் ஆகிய மூவரையும் இப்பரிசு 2006இலேயே கௌரவித்தது. நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது 2011இல்தான்.

அக்கா மகளுக்காக நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது 2023ஆம் ஆண்டுப் பரிசைப் பற்றி. விண்வெளியிலிருந்து கணப்பொழுதில் வந்து மறையும் வானொலி அலைத் துடிப்புகளான வேக வானொலி வெடிப்புகளைக் கண்டறிந்ததற்காக மேத்யூ பெய்ல்ஸ், டங்கன் லோரிமர், மோரா மெக்லாஃப்லின் ஆகியோர் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி 2001இல் பதிவுசெய்து வைத்திருந்த பழைய தரவுகளில், சில மில்லி விநாடிகளே நீடித்த ஒரு துடிப்பு எவர் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. லோரிமருடன் பணியாற்றிய ஓர் இளங்கலை மாணவர் அத்தரவுகளை மீண்டும் அலசியபோதுதான் அது வெளிப்பட்டது, 2007இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. விண்வெளியில் சிதறிக் கிடக்கும் எலக்ட்ரான்களைக் கடந்து வரும்போது, குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் சற்றுப் பிந்தி வந்து சேரும். அந்தத் தாமதம் மிக அதிகமாக இருந்ததால், துடிப்பு நம் பால்வீதிக்கு வெகு அப்பாலிருந்து வந்தது என்று அவர்கள் கணித்தார்கள். அந்த மாணவருக்குத் தெளிந்த வானம் தேவைப்படவில்லை. கணிதமும் கணினி நிரலும் சலிக்காத பொறுமையும் தேவைப்பட்டன. இவை மூன்றும் என் அக்கா மகளிடம் இருக்கின்றன.

2024இல் பரிசு பெற்ற ஸ்ரீநிவாஸ் குல்கர்னி கர்நாடகத்தின் ஹூப்ளியில் வளர்ந்தவர். அவர் முன்னின்று உருவாக்கிய ஸ்விக்கி டிரான்சியன்ட் ஃபெசிலிட்டி (Zwicky Transient Facility) என்ற வான்தேடல் திட்டம் கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையிலிருந்து வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறது. அதன் தரவுகளில் கணிசமான பகுதி எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்படுகிறது. எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் அமர்ந்தபடியே அவற்றை அவளுக்குத் திறந்து காட்டினேன். தேர்வு முடிந்ததும், அதே மேசையில் பெரியவர்களுக்கும் காட்டப் போகிறோம்.