டச்சப்பாம், டச்சப்!

மாடல் விமானத்துல பெயிண்ட் போயிடுச்சுன்னு யார்கிட்ட சொன்னாலும் ஒரே பதில்தான் வருது. "அதுக்கென்னப்பா, அந்த இடத்துல மட்டும் லேசா டச்சப் பண்ணிட்டா போச்சு." எவன் சொல்லிக் கொடுத்தான் உங்களுக்கெல்லாம் இதை? இது என்ன வீட்டு கேட்டா, துருப்பிடிச்ச இடத்துல பிரஷ்ஷால ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நகர?

என்னோடது 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1, அதாவது அந்த பிரிட்டிஷ் போர் விமானத்தோட 48-ல ஒரு பங்கு அளவு மாடல். 1940-ல ஜெர்மனிக்கு எதிரா நடந்த பிரிட்டன் வான்போர்ல பறந்த 234-வது ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) விமானம். அந்த ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி'ன்னே ஒரு பேர் உண்டு, யுத்த நிதிக்கு இங்கிருந்து போன பணத்துக்காக வச்சது. (79, 264-க்கும் அதே பேர்தான். நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?) அதனாலயே தேடிப் பிடிச்சுக் கட்டினேன். மேல பழுப்பும் பச்சையும், அடியில 'ஸ்கை'ங்கற வெளிர் பச்சை.

ஆயுத பூஜை அன்னைக்கு சித்தப்பா வந்தார். தையல் மெஷின், ஸ்பேனர், ஸ்கூட்டர்னு பொட்டு வச்சுக்கிட்டே வந்தவர், அதே கையோட ஸ்பிட்ஃபயர் ரெக்கையிலயும் சந்தனத்தை அப்பி நடுவுல குங்குமம் வச்சுட்டார். அதைக்கூட விடுங்க, பக்தி. பிறகு என் மூஞ்சி போன போக்கைப் பார்த்துட்டு, பாக்கெட்ல இருந்த சானிடைசரைக் கைக்குட்டையில ஊத்தி அழுத்தித் தேய்ச்சார் பாருங்க!

நான் அடிச்சிருந்தது ஆல்கஹால்ல கரையற அக்ரிலிக். காய்ஞ்சு எத்தனை மாசம் ஆனாலும் ஆல்கஹால் பட்டா இளகிடும். சானிடைசர்ல பாதிக்கு மேல ஆல்கஹால்தான். இப்ப ரெக்கையில பழுப்பும் பச்சையும் குழைஞ்சு கிடக்கு. மேட் கோட்டுக்குள்ள (மேல அடிக்கற பளபளப்பில்லாத காப்புப் பூச்சு) குங்குமம் ஊறிடுச்சு. ரவுண்டலோட (ரெக்கையில இருக்கற வட்டமான விமானப்படைச் சின்னம்) நீல வளையம் பாதி உரிஞ்சு சுருண்டு நிக்குது. ஓரத்துல அடிப்பூச்சான பிரைமரும் போய் பிளாஸ்டிக் தெரியுது. கிட்ட வச்சுப் பார்த்தா கைக்குட்டையோட நெசவு அப்படியே பெயிண்ட்ல அச்சாகியிருக்கு, இழை இழையா எண்ணலாம்.

இதுல டச்சப் பண்ணணுமாம். பண்றேன், வாங்க.

முதல்ல ஓரம். பெயிண்ட் போன இடத்துக்கும் இருக்கிற இடத்துக்கும் நடுவுல ஒரு படி நிக்கும். வெறும் 0.1 மில்லிமீட்டர்னு வைங்க. 1/48-ல அது நிஜ விமானத்துல கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் மேடு. அதனால 1500, 2000 நம்பர் நைஸ் உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு, ஓரம் கைக்குத் தட்டாத வரைக்கும் தேய்க்கணும். தேய்க்கத் தேய்க்க ஓட்டை பெருசாகும். எட்டணா அளவு இருந்த சேதம் உள்ளங்கை பாதிக்கு வந்துடும். பேனல் லைன்ல, அதாவது தகடுகள் சேர்ற இடம்னு காட்ட மாடல்ல கீறியிருக்கற கோட்டுல, தேய்ச்ச தூள் போய் அடைச்சுக்கும், ஊசி முனையால நோண்டி எடுக்கணும். அப்புறம் பிரைமர்.

அடுத்தது நிறம். அதே பாட்டில்தானே இருக்குன்னு கேக்காதீங்க, கோபம் வரும். சின்ன மாடல்ல அசல் நிறம் கருத்துத் தெரியும்னு அன்னைக்கு வெள்ளை கலந்துதான் அடிச்சேன். அந்தப் பெயிண்டுக்கு அடியில பேனல் லைன் மேலெல்லாம் கருப்பு ஷேடிங் ஓடியிருக்கு, மேல மேட் கோட் ஏறி நிறத்தை இன்னும் கொஞ்சம் வெளிற வச்சிருக்கு. அந்தக் கலவையை பிரம்மாவாலகூட திரும்பக் கொண்டுவர முடியாது. பாட்டில்ல இருக்கறதை அப்படியே அடிச்சா தேமல் மாதிரி திட்டாத்தான் நிக்கும். ஒரே வழி, பக்கத்து பேனல் லைன் வரைக்கும் மொத்தமா திரும்ப அடிக்கறது. அதுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டணும். ஒட்டின டேப்பை எடுக்கறப்போ, இத்தனை நாள் நல்லா இருந்த இடத்துல பெயிண்ட் கூடவே வரும். பசையைக் குறைக்க டேப்பைப் புறங்கையில நாலு தடவை ஒட்டி ஒட்டி எடுத்துட்டு, பின்னாடி மடக்கி மெதுவா உரிக்கணும். அப்பவும் உத்தரவாதம் கிடையாது.

டீகால், அதான் ரவுண்டல் மாதிரி சின்னங்களுக்கான ஒட்டுப்படம்? மாடல் கிட்ல வர்ற ஷீட்ல வேண்டிய ரவுண்டல் மட்டும்தான் இருக்கும், உதிரி கிடையாது. தனியா வாங்கினாலும் மேட் மேல நேரா ஒட்ட முடியாது, அடியில காத்து மாட்டி வெள்ளி வெள்ளியா மின்னும். முதல்ல கிளாஸ் (பளபளப்புப் பூச்சு) அடிச்சு, டீகால் ஒட்டி, அது மேல மறுபடி கிளாஸ், கடைசியில மேட்.

அந்தக் கடைசி மேட்டுக்குத்தான் சென்னை வச்சிருக்கு ஆப்பு. ஆயுத பூஜை முடிஞ்ச கையோட வடகிழக்குப் பருவமழை. அந்த மேட் லாக்கர் கிளியர், அதாவது தின்னர்ல கரைச்சு அடிக்கற நிறமில்லாத பூச்சு. அதை ஈரக்காத்துல அடிச்சா, தின்னர் வேகமா ஆவியாகிப் பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் அதுல படியும். மொத்த ரெக்கையும் பனி மூடின மாதிரி வெளுத்துடும். மெதுவா காயற தின்னர் கொஞ்சம் காப்பாத்தும். ஆனா அது கையிருப்பு இல்ல. தீப்பிடிக்கற சரக்காச்சே, சிங்கப்பூர்லேர்ந்து வர்ற ஃபிரெண்டு பெட்டியில போட்டு எடுத்துட்டு வரவும் முடியாது.

நேத்து சித்தப்பா போன் பண்ணினார். தெருமுனை ஹார்டுவேர் கடையில பச்சை ஸ்பிரே டப்பா ஒண்ணு பார்த்தாராம். "அப்படியே மிலிட்டரி கலர்டா, வாங்கிட்டு வரட்டுமா?"ங்கறார்.

சித்தப்பா, கையெடுத்துக் கும்பிடறேன். நீங்க வாங்க, சாப்பிடுங்க, டிவி பாருங்க. அந்த ரூம் பக்கம் மட்டும் வராதீங்க.