பாட்டை முழுசாகப் போட்டிருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை இசை அமர்வில், இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் பாட்டைப் போட்டுப் பேசிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அங்கே நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். "பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் அவருடையது என்ன இருக்கிறது? மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியம் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கிடமிருந்து, தாளம் ஆப்பிரிக்காவிலிருந்து, டிரம்ஸ் சத்தம் டிரம்மர் ஃபில் காலின்ஸுடையது" என்று, எல்லாமே திருட்டு என்பதுபோல விரல்விட்டு எண்ணினீர்களே, அதற்குக் கைதட்டலும் விழுந்ததே, மூன்று நாளாகியும் எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது திருட்டு இல்லை. வாங்கியதை வைத்து என்ன செய்தார் என்றுதான் பார்க்க வேண்டும். முன்பு அவர் இருந்த ஜெனிசிஸ் என்ற ப்ராக் ராக் (நீளமான, சிக்கலான ராக் இசை) குழுவில் இருபது நிமிடத்தைத் தாண்டும் பாட்டும் நரித்தலை வேஷமும் அவருக்குக் கைவந்த விஷயம், அதையே செய்துகொண்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். 1975இல் விட்டுவிட்டு வந்தார். 1980இல் இந்த ஆல்பத்துக்கு டிரம்மர்கள் சிம்பலை, அதாவது டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டுகளை, தொடவே கூடாது என்றார். அடித்தது காலின்ஸ், அந்த ஒலியைப் பிடித்தது ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஜம், சரி. அது அப்படி வந்து அறைவதற்கு இடத்தைக் காலி செய்து கொடுத்தது யார்?

என் மாமா கோயிலில் தவில் வாசித்தவர். நான் கல்லூரியில் படித்தபோது அதே ஆல்பத்தில் வரும் 'இன்ட்ரூடர்' பாட்டைக் கேசட்டில் போட்டுக் காட்டினேன். விரலில் மாட்டிய கூட்டைக்கூடக் கழற்றாமல் முக்காலியில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "தாளம் போடுறவனைக் காணோமேடா, வேணும்னே விட்டிருக்கான்" என்றார். ராக் என்ற சொல்லே தெரியாதவருக்கு, சிம்பல் இல்லாத அந்த வெற்றிடம் அரை நிமிடத்தில் காதில் விழுந்தது.

ரைக்கே 1970இல் கானாவுக்குப் போய் முரசு வாசிக்கக் கற்றுக்கொண்டவர்தான். உங்கள் கணக்கில் அவரும் திருடரா? திருட்டு இல்லை, திரும்பவும் சொல்கிறேன்.

"வெள்ளைக்காரர் ஆப்பிரிக்க இசையை வைத்துச் சம்பாதித்தார்" என்கிறீர்கள். இது கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆல்பத்தில் வரும் 'பிகோ' யாரைப் பற்றிய பாட்டு? 1977இல் தென்னாப்பிரிக்கப் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்த நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஸ்டீவ் பிகோவைப் பற்றியது. அங்கே அது தடை செய்யப்பட்டது. சிங்கிளில் வந்த பணத்தைக் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்துக்குக் கொடுத்தார். 1982இல் உலக இசைக்கென்று வோமாட் விழா தொடங்கிக் கடனில் மூழ்கி, பழைய ஜெனிசிஸ் நண்பர்கள் ஒன்றாக மேடையேறித்தான் அவரைக் கரையேற்றினார்கள். சம்பாதிக்க வந்தவர் செய்கிற வேலையா இது?

ரசிகன் அப்படித்தான் பேசுவான் என்பீர்கள். ஆமாம், ரசிகன்தான், முப்பது வருஷமாகக் கேட்கிறேன்.

ஆனால் நான் எழுந்து சிம்பலைப் பற்றிச் சொன்னதும், "தவில்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ப்ராக் ராக் எதுக்கு" என்று ஒரு குரல் வந்ததே, சிரித்தீர்களே, அதுதான் வலிக்கிறது. 1989இல் வந்த 'பேஷன்' ஆல்பத்தில் எல். சங்கரின் இரட்டை வயலின் இருக்கிறது. சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த கர்நாடக சங்கீதக்காரர். கேப்ரியல் அவரிடம் உனக்கு இது எதுக்கு என்று கேட்கவில்லை, பக்கத்தில் நிறுத்தி வாசிக்க வைத்தார். நீங்கள் எனக்கு இரண்டு நிமிடம் பேச விடவில்லை.

'பிகோ'வையும் இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தீர்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு அது. கடைசியில் அவருடைய குரல் ஓய்ந்தபிறகு, பிகோவின் சாவுக்கு வந்த சனங்கள் பாடியது ஒலிக்கும். அவர்கள் குரலோடுதான் பாட்டு முடியும். அன்றைக்கு அந்த அறையில் யாருமே அதைக் கேட்கவில்லை.