ஓவர்டைமைக் குறைக்கச் சொல்லும் சுற்றறிக்கை

நிதியாண்டு முடியப்போகிறது என்றால் அரசு அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்து சேரும்: ஓவர்டைம் செலவைக் குறையுங்கள். எத்தனை பணியிடங்கள் காலி என்ற கேள்வி மட்டும் அதில் இருக்காது. சில ஆண்டுகள் பணிப் பட்டியல் போட்டவன் நான். அந்தத் தாளைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

இரவும் பகலும் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டிய இருக்கை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு அறையோ சிறைக் காவலோ, எதுவானாலும் சரி. அதற்கு ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஆள் வேண்டும். வாரம் 40 மணி நேரம் என்றால் ஒருவரிடம் கிடைப்பது 2,080. விடுப்பு, பண்டிகை, காய்ச்சல், பயிற்சி என்று 300 மணி நேரம் கழித்தால் மிச்சம் 1,780. ஆக, ஏறக்குறைய 5 பேர் தேவை. 4 பேரை மட்டும் கொடுத்தால் 1,640 மணி நேரம் துண்டு விழும். அந்த நேரத்தில் அறையைப் பூட்டிவிட்டா போக முடியும்? இருக்கிற நால்வர்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

நிதிப் பிரிவுக்கு இது தெரியாததல்ல. ஒன்றரை மடங்கு கொடுத்தாலும் அந்த 1,640 மணி நேரத்துக்கு ஆவது 2,460 மணி நேரச் சம்பளம். ஐந்தாவது ஆளை எடுத்தால் 2,080 மணி நேரச் சம்பளத்தோடு ஓய்வூதியம், மருத்துவம் எல்லாம் சேரும். சலுகைகள் சம்பளத்தில் 30 சதவீதம் என்றாலே 2,704 ஆகிவிடும். காகிதத்தில் ஓவர்டைமே மலிவு! அதனால்தான் காலியிடம் நிரம்பாமலே கிடக்கிறது. திட்டு மட்டும் ஊழியருக்கு. தொடர்ந்து இரட்டை ஷிப்ட் பார்த்தவர் செய்யும் பிழைக்கும், படுத்துவிட்டால் எடுக்கும் விடுப்புக்கும் அந்தக் காகிதத்தில் இடமில்லை.

பணத்துக்குப் பதில் ஈடுசெய் விடுப்பு கொடுக்கலாம் என்பார்கள். கொடுங்கள். அவர் விடுப்பில் போகும் நாளில் அந்த இருக்கைக்கு யார் வருவார்? இன்னொருவர், ஓவர்டைமில்.

முறைகேடே இல்லை என்று சொல்ல வரவில்லை. மாதா மாதம் அதே மூன்று பெயர்கள் முதலிடத்தில் நிற்கும் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். கடைசிச் சம்பளத்தை வைத்து ஓய்வூதியம் கணக்கிட்டு, அதில் ஓவர்டைமையும் சேர்க்கும் இடங்களில், ஓய்வு நெருங்க நெருங்கச் சிலருக்குத் திடீர்ச் சுறுசுறுப்பு வரும். அது முன் அனுமதி கேட்காமல் கையெழுத்துப் போட்ட மேலதிகாரியின் தவறு. முறை வைத்துக் கொடுத்தால் பாதி அடங்கிவிடும்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். ஒவ்வொரு ஓவர்டைம் பில்லிலும் இன்னொரு கட்டம் சேர்க்கட்டும்: இந்த நேரம் எந்தக் காலிப் பணியிடத்துக்காக, அது எத்தனை மாதமாகக் காலி? அதையும் பார்த்துவிட்டுச் சுற்றறிக்கை அனுப்பட்டும்.