கண்ணு மேலே போனா பொய்யா? அந்த மெசேஜை நம்பாதீங்க

கம்பம், குமுளிப் பக்கம் ஏலக்காய் வியாபாரிகள் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. என்.எல்.பி. (நியூரோ லிங்விஸ்டிக் புரோகிராமிங் என்கிற, பேச்சையும் மனதையும் பற்றிய ஒரு பயிற்சி முறை) வகுப்புக்குப் போய் வந்த யாரோ எழுதியதாம்: பேசும்போது ஒருத்தர் கண் அவருடைய வலது பக்கம் மேலே போனால் பொய், இடது பக்கம் போனால் உண்மை, விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது, வேலையாட்களிடம் பரீட்சித்துப் பாருங்கள்.

தப்பு. சோதித்துப் பார்த்தவர்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. 2012-ல் பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழு பொய் சொன்னவர்களையும் உண்மை சொன்னவர்களையும் வீடியோ எடுத்து, கண் போன திசையைக் குறித்துப் பார்த்தது, வித்தியாசமே இல்லை. அப்புறம் சிலருக்கு இந்தக் கண் கணக்கைச் சொல்லிக்கொடுத்து அந்த வீடியோக்களைக் காட்டினார்கள். சொல்லிக்கொடுக்காதவர்களை விட அவர்கள் ஒன்றும் கூடுதலாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

இன்னொன்று, 1970-களில் கலிஃபோர்னியாவில் என்.எல்.பி.யை ஆரம்பித்த பேண்ட்லரும் கிரைண்டரும் சொன்னதே வேறு. ஒரு பக்கம் பார்த்தால் நினைவில் உள்ள காட்சி, மறுபக்கம் என்றால் மனதில் புதிதாக உருவாக்கும் காட்சி, அவ்வளவுதான் (அதற்கும் உருப்படியான ஆதாரம் கிடையாது). பொய் என்பது பின்னால் வந்தவர்கள் ஒட்டியது.

வகுப்புக்குப் போவது அவரவர் விருப்பம், சரி. ஆனால் ஜீப்பில் மலையேறி வரும் ஒரு அக்காவிடம் "நேத்து எத்தனை கிலோ காய் எடுத்தீங்க?" என்று கேட்டால், அவர் எங்காவது மேலே பார்த்துத்தான் யோசிப்பார். அதை வைத்துக் கூலியில் கை வைக்காதீர்கள், எடைச் சீட்டு இருக்கே, அதைப் பாருங்க.