கதை வேறு, கை செய்யும் வேலை ஒன்று

சோனியின் பிளேஸ்டேஷனுக்கென்றே வரும் பெரிய பட்ஜெட் கேம்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டன என்று சொன்னால் உடனே சண்டைக்கு வருகிறார்கள். "காட் ஆஃப் வார் எங்கே, ஸ்பைடர்மேன் எங்கே? ஒன்று நார்ஸ் புராணம், இன்னொன்று நியூயார்க். இரண்டும் எப்படி ஒன்றாகும்?" நியாயமான கேள்விதான். ஆனால் கதையையும் இடத்தையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

முதுகுக்குப் பின்னால் கேமரா. சின்ன அடிக்கு ஒரு பட்டன், பெரிய அடிக்கு ஒரு பட்டன், விலகுவதற்கு ஒன்று. நடுவில் ஸ்கில் ட்ரீ, அதாவது புதுத் திறமைகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் பட்டியல். மேப் முழுக்கக் குறிகள். கூட வருபவர் பேசி முடிக்கும் வரை மெதுவாக நடக்க வேண்டும். அப்புறம் அந்தப் பாறை இடுக்கு! உடம்பை ஒருக்களித்து மெல்ல மெல்ல நகர்ந்து அந்தப் பக்கம் போவது. பழைய மெஷினில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. நாம் இடுக்கில் நகரும் நேரத்தில் அடுத்த இடம் ஹார்ட் டிஸ்கிலிருந்து லோட் ஆகும். பிளேஸ்டேஷன் 5-இல் அந்தத் தேவை பெரிதாக இல்லை. 2021-இல் வந்த ராட்செட் அண்ட் க்ளாங்க் கேமில் கண் இமைக்கும் நேரத்தில் ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குத் தாவினோம். ஆனாலும் 2022-இல் காட் ஆஃப் வார் வரிசையின் ராக்னராக் வந்தபோது இடுக்கில் நுழைந்துகொண்டேதான் இருந்தோம். அது பிளேஸ்டேஷன் 4-க்கும் சேர்த்துச் செய்த கேம், சரி. ஆனால் அதிலிருந்த இன்னொரு விஷயத்துக்கு எந்த மெஷினையும் காரணம் சொல்ல முடியாது. ஒரு புதிர் முன்னால் போய் நிற்கிறோம். கோடரியை எங்கே எறிவது என்று சுற்றிப் பார்ப்பதற்குள் கூட வரும் அத்ரேயஸோ மிமிரோ விடையைச் சொல்லிவிடுகிறார்கள். ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்டிலும் அதன் நாயகி ஏலாய் ஓயாமல் தனக்குத்தானே பேசிக்கொண்டே இருந்தாள். ஆட்கள் குறைபட்ட பிறகு, அந்தப் பேச்சில் கொஞ்சத்தை அப்டேட்டில் குறைத்தார்கள்.

எனக்கு இதுதான் உறுத்துகிறது. ஆடுபவர் ஒரு நிமிடம் திணறினால்கூடக் கேமை மூடிவிட்டுப் போய்விடுவார் என்ற பயம் இவற்றில் எல்லா இடத்திலும் தெரிகிறது. அந்தப் பயம்தான் எல்லாக் கேமையும் ஒரே அச்சில் வார்க்கிறது.

இதே சோனி 2005-இல் ஷேடோ ஆஃப் த கொலோசஸ் கொடுத்தது. பதினாறு ராட்சதர்கள், வழியில் வேறு எதிரியே கிடையாது. வாளை வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒளி ஒரு திசையில் குவியும், அதுதான் வழி. ராட்சதனின் ரோமத்தைப் பற்றிக்கொள்ள ஆர்1 பட்டனை அழுத்தியபடியே இருக்க வேண்டும். அவன் உடம்பை உதறுவான், பிடியின் பலத்தைக் காட்டும், திரையின் கீழே இருக்கும் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், விரலை எடுத்தால் விழுந்துவிடுவோம். கதை சொல்ல வேண்டியதை அந்த ஒரு விரலே உணரவைத்துவிடும். அதை வளர்த்த, சோனியின் சொந்த ஜப்பான் ஸ்டுடியோவை 2021-இல் கலைத்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பணம்தான் காரணம் என்பார்கள். உண்மைதான், ஓரளவுக்கு. மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் நிறுவனத்தை வாங்குவதை எதிர்த்த வழக்கில் 2023-இல் நீதிமன்றத்துக்குப் போன சோனியின் ஆவணத்தில் செலவு எண்களைச் சரியாக மறைக்காமல் விட்டுவிட்டார்கள். த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 22 கோடி டாலர், ஃபார்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி டாலர். இவ்வளவு போட்டவர்கள் யாரையும் இழக்கத் துணிய மாட்டார்கள், புரிகிறது. ஆனால் நிண்டெண்டோவின் செல்டா, பிரெத் ஆஃப் த வைல்ட், அதுவும் பெரிய கேம்தான். அதில் ஒரு மின்சாரப் புதிருக்கு, செய்தவர்கள் நினைத்த வழியைத் தேடாமல், கையிலிருக்கும் இரும்பு வாளைத் தரையில் போட்டு இணைப்பைக் கொடுத்தாலும் கதவு திறக்கும். பக்கத்தில் நின்று யாரும் எதுவும் சொல்வதில்லை. கோடிக்கணக்கில் விற்றது. ஆக, ஆடுபவரை நம்பினால் நஷ்டம் வரும் என்ற கணக்கு எனக்கு ஒப்பவில்லை.

சோனிக்குள்ளேயே பதில் இருக்கிறது. கோஸ்ட் ஆஃப் சுஷிமாவின் சைடு மிஷன்கள் பழைய அச்சுதான், ஆனால் திரை மூலையில் வழி காட்டும் மினிமேப்பைத் தூக்கிவிட்டு, காற்று வீசும் திசையையே வழியாக்கினார்கள். 2024-இல் வந்த ஆஸ்ட்ரோ பாட்டில் ஒரு நிலையில் சுண்டெலியாய்ச் சுருங்கலாம், இன்னொன்றில் நேரத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தலாம். நல்ல யோசனை ஒன்று வந்ததும் அதை முப்பது மணி நேரத்துக்கு இழுக்காமல் அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதும் அதற்குத்தான். செய்தது யார்? ஜப்பான் ஸ்டுடியோவைக் கலைத்தபோது மிச்சம் வைத்த டீம் அசோபி.

கிராஃபிக்ஸில் குறை சொல்ல எதுவுமில்லை, நடிப்பிலும் இல்லை. அந்தக் கலைஞர்களின் உழைப்பை மதித்துத்தான் இதை எழுதுகிறேன். லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் பார்வை, செவித்திறன், கை அசைவு என ஒவ்வொருவர் தேவைக்கும் அறுபதுக்கு மேற்பட்ட அமைப்புகளை வைத்த நிறுவனம் இது. கூட வருபவர் எப்போது விடை சொல்ல வேண்டும், சொல்லவே வேண்டுமா என்பதற்கும் ஓர் அமைப்பை, முதல் நாளிலிருந்தே, எல்லாக் கேமிலும் வைக்கட்டும். ஒவ்வொரு பெரிய கேமுக்கும் இடையில் ஆஸ்ட்ரோ பாட் அளவில் ஒரு சின்னக் கேம் வரட்டும். நான் இரண்டையும் முதல் நாளே வாங்குவேன்.