ஐந்து விநாடிக் காணொளியும் 44 தடுப்புகளும்

மறுபடியும் அந்த ஐஸ் ஹாக்கிக் காணொளி சுற்ற ஆரம்பித்துவிட்டது. நடுக்களத்தில் ஒருவர் மட்டையை ஓங்கி அடிக்கிறார். பக் என்று சொல்லப்படும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு கோல்கீப்பரின் முகத்தை நோக்கி எழும்பி வருகிறது. தலைக்கவசத்தில் பட்டு மேலே துள்ளுகிறது, அவர் முதுகுக்குப் பின்னால் விழுகிறது, அவசரமே இல்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டிப் போகிறது. கோல்கீப்பர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். எனக்குத் தெரிந்த மூன்று குழுக்களில் மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு ஐஸ் ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது.

எனக்கு அந்தக் காணொளி பிடிக்காது. அதில் இருப்பது பொய் இல்லை, எல்லாம் நடந்ததுதான். ஆனால் இரண்டு பேருக்கு அது ஒரே நேரத்தில் அநியாயம் செய்கிறது. இதை எத்தனையோ பேரிடம் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்த முறை எழுதியே விடுகிறேன்.

2002 பிப்ரவரி 20, புதன்கிழமை. சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்கள் ஐஸ் ஹாக்கி காலிறுதி. ஒரு பக்கம் ஸ்வீடன், இன்னொரு பக்கம் பெலாரஸ். நான் டொராண்டோவுக்கு வந்து அப்போது ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடிந்திருக்கவில்லை. அறையைப் பகிர்ந்துகொண்ட யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இந்த விளையாட்டில் ஊறியவர். எனக்குப் பனியில் விழாமல் நடக்கவும் ஹாக்கி பார்க்கவும் ஒரே மாதத்தில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவருக்கு டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் கேப்டன் மேட்ஸ் சுந்தீன் என்றால் உயிர். அதனால் ஸ்வீடன் ஆடும் நாளில் எங்கள் அறையும் ஸ்வீடன் பக்கம்தான்.

அப்போதைய ஸ்வீடனை நினைத்துப் பாருங்கள். சுந்தீன், நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம், டேனியல் ஆல்ஃப்ரெட்சன், மார்க்கஸ் நாஸ்லண்ட். எல்லாருமே வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் உச்சியில் இருந்தவர்கள். முதல் ஆட்டத்திலேயே கனடாவை 5-2 என்று சாய்த்திருந்தார்கள். அடுத்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் நாகானோவில் தங்கம் வென்ற செக் அணியை 2-1. பிறகு ஜெர்மனியை 7-1. அந்தப் போட்டியிலேயே மிக அழகாக ஆடிய அணி எது என்று கேட்டால், எதிரிகள்கூட ஸ்வீடனைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பெலாரஸ்? முந்தைய ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப்பின் மேல் பிரிவிலிருந்து கீழே இறக்கப்பட்ட அணி. என்.எச்.எல்.லில் நிரந்தர இடம் பிடித்திருந்த ஒரே ஆள், அனஹைம் அணியின் தடுப்பாட்டக்காரர் ருஸ்லான் சலெய். மக்கள்தொகையில் அப்போது பெலாரஸ் ஸ்வீடனைவிடக் கொஞ்சம் பெரிய நாடாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. இந்த விளையாட்டில் அந்தக் கணக்கு எடுபடாது. முதல் சுற்றில் உக்ரைனையும் பிரான்ஸையும் வென்று ஒருவாறு மேலே வந்துவிட்டார்கள். வந்த இடத்தில் நல்ல அடி. ரஷ்யாவிடம் 4-6. ஃபின்லாந்திடம் 1-8. அமெரிக்காவிடம் 1-8. மூன்று ஆட்டங்களில் 22 கோல் வாங்கிய அணி காலிறுதிக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அந்த ஆண்டின் ஏற்பாடு அப்படி. இறுதிச் சுற்றின் எட்டு அணிகளும் காலிறுதி ஆடும். அதற்கு முன் ஆடிய மூன்று ஆட்டங்கள் யாருக்கு யார் எதிரி என்று முடிவு செய்வதற்கு மட்டுமே. ஒரு குழுவின் முதலிடம் ஸ்வீடன், இன்னொரு குழுவின் கடைசியிடம் பெலாரஸ்.

(இந்த ஏற்பாட்டைத் திட்டாமல் போக மனம் வரவில்லை. பெரிய ஆறு நாடுகளுக்கு நேரடி இடம். மற்ற நாடுகள் முன்னதாகவே வந்து தகுதிச் சுற்று ஆட வேண்டும், அதுவும் என்.எச்.எல். தன் ஆட்டங்களை நிறுத்துவதற்கு முன்பே. ஸ்லோவாக்கியா இதில்தான் மாட்டிக்கொண்டது. அதன் நட்சத்திரங்கள் வட அமெரிக்காவில் கிளப் ஆட்டங்களில் இருந்தபோது, நாட்டு அணி ஜெர்மனியிடம் தோற்று வெளியேறியது. அதே ஸ்லோவாக்கியா அதே ஆண்டு மே மாதம் உலகச் சாம்பியன் ஆனது. இதைவிட நல்ல பதிலடி கிடையாது.)

ஆட்டத்துக்கு வருகிறேன். முதல் கோல் ஸ்வீடனுடையது. அண்ணன் தேநீர் போட எழுந்துபோனார், இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை என்பது போல. திரும்பி வந்தபோது பெலாரஸ் சமன் செய்திருந்தது. பிறகு முந்தியும் விட்டது. ஸ்வீடன் சமன் செய்தது. பெலாரஸ் மறுபடி முந்தியது. மூன்றாவதும் கடைசியுமான பகுதியில் சுந்தீன் 3-3 என்று ஆக்கியபோது அண்ணன் நாற்காலியிலிருந்து குதித்ததில் தேநீர் என் மடியில். சரி, குழந்தைகள் விளையாடிவிட்டார்கள், இனிப் பெரியவர்கள் வேலையை முடிப்பார்கள் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

இரண்டு நிமிடங்களும் 24 விநாடிகளும் மீதமிருந்தபோது விளாடிமிர் கோபாட் அடித்தார். கோல்கீப்பர் டாமி சாலோ. மீதியைத்தான் அந்தக் காணொளியில் பார்க்கிறீர்களே. 4-3.

இனி அதில் இல்லாததைச் சொல்கிறேன். அன்றைக்கு ஸ்வீடன் கோலை நோக்கி அடித்தது 47 முறை. பெலாரஸ் அடித்தது 19. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். பெலாரஸ் கோலில் நின்ற ஆந்த்ரே மெசின் 47-இல் 44-ஐத் தடுத்தார். லிட்ஸ்ட்ரோமும் சுந்தீனும் ஆல்ஃப்ரெட்சனும் மாறி மாறி அடித்த 44. ஐஸ் ஹாக்கியில் ஒரு மனிதன் மற்ற எல்லாரையும்விடப் பத்து மடங்கு கனம் பெறும் இடம் ஒன்று உண்டென்றால் அது கோல்கீப்பரின் இடம்தான். கால்பந்தில் ஒரு கோல்கீப்பருக்கு ஆட்டம் முழுக்க நான்கைந்து நல்ல சோதனைகள் வந்தால் அதிகம். இங்கே ஒரு சராசரி நாளிலேயே இருபது, முப்பது. அதனால் பலவீனமான அணிக்கு அன்றைக்கு ஒரு கோல்கீப்பர் சிக்கிவிட்டால் போதும், கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.

பெரிய கவிழ்ப்புகள் எதை எடுத்தாலும் அடியில் இப்படி ஓர் ஆள் இருப்பார். உலகமே கொண்டாடும் 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள், தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த சோவியத் அணியை 4-3 என்று வென்ற நாள். அங்கும் சோவியத் அடித்தது 39, அமெரிக்கா அடித்தது 16. ஜிம் கிரெய்க் தடுத்தது 36. அதே நேரம் எதிர்ப்பக்கத்தில் பயிற்சியாளர் டிகோனோவ், முதல் பகுதி முடிந்ததும், உலகின் தலைசிறந்த கோல்கீப்பர் எனப்பட்ட டிரெட்டியாக்கை வெளியே உட்காரவைத்துவிட்டார். அதை ‘அற்புதம்’ என்று பெயர் சூட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லும் ஒவ்வாது. அதற்கு முந்தைய மாதங்களில் அமெரிக்கப் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் அந்தப் பையன்களைப் பிழிந்தெடுத்த பிழிவை அறிந்தவர்கள் அற்புதம் என்று சொல்ல மாட்டார்கள். உழைத்தவனிடம் போய் ‘உனக்குச் சாமி வந்து ஆடியது’ என்று சொல்வது பாராட்டா?

என்னைக் கேட்டால் லேக் பிளாசிட்டைவிட விசித்திரமானது 1976-இல் போலந்தின் காத்தோவிசேயில் நடந்தது. உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் நாள். போலந்து, சோவியத் அணியை 6-4 என்று வென்றது. இரண்டே மாதங்களுக்கு முன் இன்ஸ்ப்ருக் ஒலிம்பிக்கில் இதே சோவியத்திடம் போலந்து வாங்கியது 16-1. வியெஸ்லாவ் யோப்சிக் என்பவர் அன்று மூன்று கோல் அடித்தார். கூத்து என்னவென்றால், அந்தத் தொடரின் முடிவில் போலந்து கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய அணியை வென்றுவிட்டு, அதே மாதத்தில் தரம் இறங்கிய அணி! இதைப் பற்றி யாரும் எனக்குக் காணொளி அனுப்புவதில்லை.

அநியாயம் இரண்டு பேருக்கு என்றேன். முதலாமவர் மெசின், இரண்டாமவர் சாலோ.

1994 லில்லெஹாம்மர். ஒலிம்பிக் இறுதி ஆட்டம், ஸ்வீடனும் கனடாவும். ஷூட்-அவுட் வரை போனது. பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் கனடா கோல்கீப்பர் கோரி ஹிர்ஷை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, ஒற்றைக் கையால் வட்டை மறுபக்கம் தள்ளிப் போட்ட கோல் ஸ்வீடனில் அஞ்சல்தலையாகவே வந்தது. ஹிர்ஷ் தன் உருவத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்காததால் கோல்கீப்பரின் சட்டை நிறத்தையும் எண்ணையும் மாற்றி அச்சிட்டார்கள். அந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஃபோர்ஸ்பெர்க் கோல் போட்டதும் ஆட்டம் முடியவில்லை. கனடாவுக்கு இன்னொரு வாய்ப்பு மீதமிருந்தது. பால் கரியா வந்தார், அடித்தார். தடுத்தவர் டாமி சாலோ. ஸ்வீடனின் முதல் ஒலிம்பிக் ஹாக்கி தங்கம் அந்தத் தடுப்பில்தான் உறுதியானது. அதற்கு அஞ்சல்தலை இல்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே ஆள் தன் நாட்டுப் பத்திரிகைகளில் கிழிபட்டார். தவறு அவருடையதுதான், நான் மறுக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் வட்டைப் பிடித்தே ஆக வேண்டும். ஆனால் 47 முறை அடித்து மூன்றே கோல் போட்ட முன்வரிசையை யார் கேட்டார்கள்? 3-3 ஆன பிறகும் வென்றுவிடலாம் என்ற மெத்தனத்தில் ஆடியவர்களை யார் கேட்டார்கள்? கோபாட்டின் கோல் விழுந்த பிறகும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்ததே, அதில் சமன் செய்யாததும் சாலோவா? மற்ற எல்லாரும் செய்யத் தவறியதைவிட ஒருவர் செய்த பிழை படம் பிடிக்க வசதியானது, அவ்வளவுதான்.

பெலாரஸுக்கு அதன்பின் பெரிதாக ஒன்றும் வாய்க்கவில்லை. அரையிறுதியில் கனடா 7-1 என்று நசுக்கியது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ரஷ்யா 7-2. நான்காம் இடம், அவர்களது ஒலிம்பிக் வரலாற்றிலேயே சிறந்த இடம். கனடா ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வென்றது. எங்கள் தெருவெல்லாம் கார் ஹாரன் சத்தம், சிவப்புக் கொடிகள். தன்னை 5-2 என்று அடித்த ஸ்வீடனை மறுபடி சந்திக்காமலே கனடா அந்தத் தங்கத்தை எடுத்தது என்று நான் சொன்னபோது, அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் இந்தப் பேச்சா என்ற பார்வை.

சலெய் 2011 செப்டம்பரில், ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் லோகோமோட்டிவ் அணியின் விமானம் விழுந்ததில் இறந்துபோனார். மெசின் 2009 உலகச் சாம்பியன்ஷிப்பின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழு ஆண்டுகள் கழித்தும் அதே தரத்தில் நின்ற ஆளைப் பார்த்து ‘அன்றைக்கு ஏதோ அதிர்ஷ்டம்’ என்பவர்களிடம் நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன்.

என் மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. குடியிருப்புப் பகுதிக் குழந்தைகள் அணியில் கோல்கீப்பர். இந்தப் பதிவே அவனால்தான். போன சனிக்கிழமை தூரத்திலிருந்து சும்மா உருண்டு வந்த ஒன்றைக் கால்களுக்கு நடுவே விட்டுவிட்டான். வண்டியில் வீடு வரை பேச்சில்லை. அன்று இரவு அவனுடைய நண்பன் ஒருவன் ஆறுதல் சொல்வதாக நினைத்து சாலோவின் காணொளியை அனுப்பிவைத்தான். மகன் என்னிடம் வந்து அந்தப் பக்கம் நின்றவர் யார் என்று கேட்டான். மெசின் என்றேன். எத்தனை தடுத்தார் என்றான். 44 என்றேன். காட்டுங்கள் அப்பா என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அரை மணி நேரம் தேடினேன். எதைத் திறந்தாலும் கோபாட் மட்டையை ஓங்கிக்கொண்டுதான் நிற்கிறார். முழு ஆட்டமும் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.